அடுத்தவன டக்குனு எடை போடாம இருக்கிறது எப்படி

பாம்பன்ல பக்கத்து வள்ளம் மீனில்லாம வந்தா "அவனுக்குத் தொழில் தெரியல"ம்போம், நம்ம வள்ளம் வந்தா "வாடைக்காத்துப்பா". அடுத்தவன் விஷயத்துல சூழ்நிலைய விட்டுட்டு குணத்தையே பிடிச்சுக்கிற இந்தப் பழக்கத்துக்கு 1977ல உளவியலாளர் லீ ராஸ் பேரே வச்சாரு, அடிப்படைக் காரணப் பிழைன்னு.

கோவம் வந்ததும் முதல்ல சூழ்நிலைக் காரணம் மூணு யோசிங்க, காத்து, டீசல் கடன், 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்னு எதுவேணா. ஆனா தெரிஞ்சா மட்டும் பத்தாதுங்க, 1967ல ஜோன்ஸ், ஹாரிஸ்னு ரெண்டு உளவியலாளர்கள் பண்ண சோதனைல, கியூபா தலைவர் காஸ்ட்ரோவ ஆதரிச்சு ஒருத்தன் கட்டுரை எழுதினது, எழுதச் சொல்லித்தான்னு தெரிஞ்சும் படிச்சவங்க அது ஓரளவு அவன் சொந்தக் கருத்துன்னே நெனச்சாங்க (நம்மளும் அப்படித்தான்).

அதனால கரைல நின்னு பேசாம நேர்ல கேளுங்க, "என்னண்ணே, கடல் எப்படி?"ன்னு. ஒருநாள் பாத்தத வச்சு முடிவு கட்டாதீங்க, நாலு நாள் பாருங்க.