மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பெட்டி வேண்டாம்: கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் பாடத்திட்டம் வாங்கும்போது நேரும் தவறுகள்

அமெரிக்காவின் டெக்சாஸில் நாங்கள் ஹோம்ஸ்கூல், அதாவது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிப்பது, தொடங்கிய வருடம் பிள்ளைகளுக்கு 5, 8, 12 வயது. ஒரே பதிப்பகத்தில் அவரவர் கிரேடுக்கான (வகுப்புக்கான) முழு செட்டையும் ஆளுக்கொரு பெட்டியாக வாங்கிவிட்டோம். ஆளுக்கு ஐந்து பாடம் என்றால் நாளுக்கு பதினைந்து பாடம், நடத்த நான் ஒருத்தி. மூத்தவனுக்குப் பவுலின் பயணங்கள், நடுவில் உள்ளவளுக்குத் தாவீது, சின்னவனுக்கு நோவா என்று வேதபாடத்திலேயே காலை போய்விடும். அக்டோபர் மாதம் பார்த்தால், எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்க வேண்டிய சின்னவனோடு உட்கார எனக்கு நேரமே மிஞ்சவில்லை. பல வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மற்ற எல்லாத் தவறையும்விடப் பெரியது இதுதான்.

வாசிப்பும் கணக்கும் படிக்கட்டு மாதிரி. கீழ்ப்படி இல்லாமல் மேல்படி ஏற முடியாது. அதனால் அவை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத்தான் வேண்டும். வேதாகமம், வரலாறு, தொடக்கநிலை அறிவியல் அப்படி இல்லை. யாத்திராகமத்தை மூவருக்கும் ஒன்றாக வாசிக்கலாம். சின்னவன் செங்கடலைப் படம் வரைவான், எட்டு வயதுக்காரி கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வாள், பெரியவன் வரைபடத்தில் பாதையைக் குறித்து ஒரு பக்கம் எழுதுவான். இதற்கென்றே எழுதப்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன. ‘தி மிஸ்டரி ஆஃப் ஹிஸ்டரி’ நான்கு தொகுதிகளில் உலக வரலாற்றைச் சொல்கிறது, செயல்பாடுகளைச் சிறியவர், நடுவயதினர், பெரியவர் என்று பிரித்துத் தருகிறது. அப்பாலஜியா என்ற கிறிஸ்தவப் பதிப்பகத்தின் தொடக்கநிலை அறிவியலில் வானியல், தாவரவியல் என்று ஒரு துறைக்கு ஒரு புத்தகம். புத்தகம் ஒன்றே போதும், அதோடு போகும் குறிப்பேடு மட்டும் சின்னவர்களுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று இரண்டு விதமாக வருகிறது. நாங்கள் இப்படி மாறியதும் நாளுக்கு ஒன்பது பாடமாகக் குறைந்தது. அதைவிட முக்கியம், சாப்பாட்டு மேசையில் மூவரும் ஒரே விஷயத்தைப் பேசினார்கள்.

அடுத்த தவறு, வயதை வைத்துக் கணக்குப் புத்தகம் வாங்குவது. பத்து வயது என்பதால் ஐந்தாம் கிரேடு புத்தகம் என்று முடிவு செய்யாதீர்கள். பிள்ளை எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்று காட்டும் பிளேஸ்மென்ட் டெஸ்டைப் பல பதிப்பகங்கள் இலவசமாகவே தருகின்றன, அதை எழுதவைத்துப் பாருங்கள். மேத்-யூ-சீ என்ற கணக்குப் பாடத்திட்டத்தின் புத்தகங்களுக்குக் கிரேடு எண்ணே கிடையாது, கிரேக்க எழுத்துப் பெயர்கள்தான். ஆல்ஃபாவில் ஓரிலக்கக் கூட்டல் கழித்தல், காமாவில் பெருக்கல், டெல்டாவில் வகுத்தல் என்று போகும். வாய்ப்பாட்டில் தடுமாறும் பத்து வயதுப் பிள்ளை காமாவில் தொடங்கலாம். தங்கைக்கும் தனக்கும் ஒரே ‘மூன்றாம் கிரேடு’ என்ற கூச்சம் அங்கே வராது.

ஐந்து வயதுக் குழந்தைக்குக் கனமான ஒர்க்புக் செட் வாங்குவதும் வேண்டாத செலவு. ஹோம்ஸ்கூல் குடும்பங்கள் இன்றும் பின்பற்றும் இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன், முறையான பாடத்தை ஆறு வயதுக்குமுன் தொடங்க வேண்டாம் என்றார். சிறு பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பதும் அவர் சொன்னதே. அனுபவத்தில் அது சரிதான் என்று கண்டேன்.

பெரிய பிள்ளையிடம் இதற்கு நேர்மாறான தவறு செய்கிறோம். ‘அவனே படித்துக்கொள்வான்’ என்று விட்டுவிடுகிறோம். ஏ.சி.இ. (ஆக்சிலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன்) என்ற பாடத்திட்டத்தில் பாடத்துக்கு வருடத்தில் 12 சிறு புத்தகங்கள். பிள்ளையே படித்து, தானே விடைத்தாளைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். தானாக ஓடும் பிள்ளைக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் சந்தேகமும் கேள்வியும் முளைக்கிற வயது அது. விசுவாசத்தைப் பற்றி அவன் பேச நினைக்கும்போது எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும், புத்தகம் மட்டும் போதாது. உயர்நிலைக்குப் போகிறவனுக்குக் கல்லூரிச் சேர்க்கை விதிகளையும் இப்போதே பாருங்கள். சில கிறிஸ்தவப் பதிப்பகங்களின் உயிரியல் நூலை முதன்மைப் பாடநூலாக வைத்து கிறிஸ்தவப் பள்ளிகள் நடத்திய பாடங்களைக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு ஏற்க மறுத்தது. வழக்கு நடந்து, 2008-இல் தீர்ப்பு பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாகவே வந்தது. அந்த நூலை வீட்டில் படிக்கலாம், கூடவே பொதுவான உயிரியல் நூல் ஒன்றும் இருக்கட்டும்.

அட்டையில் ‘கிறிஸ்தவ’ என்று இருந்தாலே நம் சபைக்கு ஒத்துப்போகும் என்று நினைத்துவிடக்கூடாது. அபெக்கா என்ற பதிப்பகமும் ஏ.சி.இ.யும் கிங் ஜேம்ஸ் என்ற பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் வசனம் தருகின்றன. வீட்டு ஜெபத்தில் தமிழ் வேதாகமம், சண்டே ஸ்கூலில் இன்னொரு மொழிபெயர்ப்பு என்றால் சின்னப் பிள்ளைக்கு ஒரே வசனம் மூன்று வடிவத்தில் வருகிறது. மனப்பாட வசனத்தை மட்டும் நீங்களே ஒரு வேதாகமத்திலிருந்து தேர்ந்தெடுங்கள். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சி.எஸ்.ஐ., லுத்தரன் குடும்பங்கள் ஞானஸ்நானப் பாடத்தை முதலில் புரட்டிப் பாருங்கள், புத்தகம் வேறு விதமாகச் சொல்லக்கூடும். கத்தோலிக்கர் விவிலியத்தில் 73 நூல்கள், புராட்டஸ்டன்ட் பாடத்திட்டம் 66-ஐத்தான் எண்ணும். தோபித்தும் மக்கபேயரும் அதில் வராது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென செட்டன் போன்ற பதிப்புகள் தனியாக உண்டு.

அப்புறம் மாநிலச் சட்டம். டெக்சாஸ் கேட்பது வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தே. நியூயார்க்கில் காலாண்டு அறிக்கை தர வேண்டும். பென்சில்வேனியாவில் தீ விபத்துத் தடுப்புகூடப் பாடத்தில் இருந்தாக வேண்டும். வாங்கிய பெட்டியில் அது இல்லையென்றால் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

பணம் கட்டுமுன் மாதிரிப் பக்கங்களை இறக்கி, மூன்று பிள்ளைகளையும் உட்காரவைத்து ஒரு வாரம் நடத்திப் பாருங்கள். முதலில் கணக்கும் வாசிப்பும் மட்டும் வாங்குங்கள். ஆறு வாரம் போகட்டும். நாள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்த பிறகு வரலாற்றையும் அறிவியலையும் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை வேதாகமமும் நூலகக் கார்டும் போதும்.