வளைந்த ஒளியைப் படிப்பது எப்படி?

மண்டபம் கரையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று மணல்தரையைப் பாருங்கள். அலை வெயிலைக் குவித்து ஒளிக்கோடுகளாக நெளியவிடும். விண்வெளியில் பெரும் நிறையின் ஈர்ப்பு, பின்னாலிருந்து வரும் ஒளியை இப்படி வில்லைபோல் வளைக்கும்; அதுதான் ஈர்ப்பு வில்லை. அந்தப் பாடத்தை என் மாணவர்களுக்கு அங்கேதான் தொடங்குகிறேன்.

பிறகு, 2022 ஜூலையில் நாசா வெளியிட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் ஆழ்வெளிப் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்குங்கள். கூரிய முனைகளோடு மின்னுபவை நம் பால்வீதி விண்மீன்கள், விட்டுவிடுங்கள். நடுவில் வெண்மையாக மங்கித் தெரியும் விண்மீன் மண்டலங்களின் கூட்டம்தான் வில்லை. அதன் ஒளி நம்மை வந்தடைய 460 கோடி ஆண்டுகள் ஆயின. அதைச் சுற்றி வளைந்த கீற்றுகளைத் தேடுங்கள், அவசரம் வேண்டாம். ஒரே நிறத்தில், கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிராக இரண்டு கிடைத்தால், அவை பெரும்பாலும் பின்னாலுள்ள ஒரே விண்மீன் மண்டலம். முதன்முறை கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. கீற்றுகளின் வளைவைக் கொண்டே கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளையும் எடைபோடுகிறார்கள்.