கடற்கரை ஊரில் பழைய லப்டொப்பை மீட்டெடுப்பது எப்படி

திருகோணமலையில் இருக்கும் உங்கள் பழைய லப்டொப் மந்தமாகி, கொதித்து, நடுவில் தானாக நின்றுபோகிறதா? உடனே புதுசுக்குக் காசு சேர்க்கத் தொடங்காதீர்கள். பெரும்பாலும் பிரச்சினை உப்பு, தூசி, களைத்துப்போன ஹார்ட் டிஸ்க் இந்த மூன்றில்தான் இருக்கும், மூன்றையும் வீட்டு மேசையிலேயே சரிபண்ணலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் சுத்தம், பிறகு டிஸ்க், அதற்குப் பிறகுதான் மென்பொருள். நிறையப் பேர் தலைகீழாகத் தொடங்கி விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள், விசிறி அடைத்துக் கிடக்கிற மெஷினில் எதைப் போட்டாலும் அது கொதிக்கத்தான் செய்யும்.

உப்புவெளியோ டச் பே பக்கமோ, கடல் கிட்ட இருக்கிற வீடுகளில் காற்றோடு வரும் நுண்ணிய உப்பை விசிறி உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். வாடைக்காலத்தில் இது சர்வசாதாரணம். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அதே இடத்தில் புழுதி வந்து அப்பிக்கொள்ளும்.

திறப்பதற்கு முன் சார்ஜரைக் கழற்றுங்கள், பற்றரியையும் கழற்றுங்கள். பற்றரி உள்ளே இருக்கிற மொடல் என்றால் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். பற்றரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம், அதை மாற்றாமல் மேலே போகாதீர்கள். ஒரு தாளில் லப்டொப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு வாருங்கள். எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்லை, குட்டை ஓட்டையில் நீளமானதைப் போட்டு முறுக்கினால் போர்டில் இறங்கிவிடும். மூடியை நெம்ப இரும்பு வேண்டாம், காலாவதியான ஏடிஎம் அட்டை காணும்.

விசிறியைக் கழற்றினால்தான் உண்மை தெரியும். விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் தடித்துப்போய்க் கிடக்கும், அதை விரலாலேயே உரித்து எடுக்கலாம். வெளியிலிருந்து ஊதுவதால் இது போகாது, இன்னும் உள்ளே இறுகும். புளோவர் பாவித்தால் விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுற்ற விடாதீர்கள். கனெக்டர்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோலை மென்மையான பல் துலக்கியில் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். 70 சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்காதீர்கள், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர்தான்.

சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட் சிங்கின் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று இலக்கம் இருந்தால் பெரிய இலக்கத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அதற்குக் கீழே சிப்பின் மேல் காய்ந்து கிடக்கும் பேஸ்ட்டை, அதாவது சூட்டைக் கடத்தும் பசையை, துடைத்துவிட்டு புதுப் பேஸ்ட் ஒரு பயறளவு வைத்தால் போதும்.

அடுத்தது டிஸ்க். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் நிறம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ வந்தால் வேறெதையும் தொடாமல் முதலில் படங்களைப் பிரதி எடுங்கள். அப்புறம் அதற்குப் பதிலாக ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கிப் போடுங்கள். 256 ஜிபி தாராளம். செலவழிக்கிற காசுக்கு இதைவிட நல்ல மாற்றம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிப்பு, பழைய டிஸ்க் 9.5 ஆக இருந்தால் இடைவெளிக்கு ஒரு சட்டம் வைக்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, பழைய மெஷின்கள் பலவற்றில் அது இல்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போடுங்கள். 2 ஜிபி ராமிலும் ஓடும், 4 இருந்தால் சுகமாக ஓடும். ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் அதைப் பென் டிரைவில் எழுதி, மெஷினைப் போடும்போதே எஃப்12 (எச்பி என்றால் எஃப்9) அழுத்திப் பென் டிரைவிலிருந்து தொடங்குங்கள். நிறுவுவதற்கு முன் அப்படியே ஓடவிட்டு வைஃபை, சத்தம், திரை வெளிச்சம் மூன்றையும் பாருங்கள். வைஃபை வரவில்லையா, பயப்பட வேண்டாம், போனை யூஎஸ்பி வயரில் கொழுவி அதன் இணையத்தைக் கொடுத்து, டிரைவர் மனேஜரைத் திறந்தால் தேவையானதை அதுவே தேடும். தமிழில் எழுத எம்17என் என்ற மென்பொருள் பொதியைச் சேர்த்தால் தமிழ்99, ரெங்கநாதன் என்ற இரண்டு விசைப்பலகை முறைகளும் கிடைக்கும்.

இனி அனுபவிக்கிற பகுதி. படத்துக்கு விஎல்சி, பழைய டொஸ் விளையாட்டுகளுக்கு டொஸ்பொக்ஸ். இணையம் இல்லாமல் வாசிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி வைத்தால் இணையம் இல்லாத இரவிலும் வாசிக்கலாம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் நம் ஊருக்கென்றே செய்த மாதிரி இருப்பது, வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம். இடத்தை வடக்கு 8.57, கிழக்கு 81.23 என்று கொடுத்து, மழை ஓய்ந்த மாசி மாலை ஒன்றில் நிலாவெளிப் பக்கம் கொண்டு போங்கள். உச்சியில் திருவாதிரை, தெற்கே அகத்தியர் என்று பெயரளவில் கேட்டதையெல்லாம் திரையில் பார்த்து வானத்தில் பிடிக்கலாம். துருவ நட்சத்திரத்தை மேலே தேடாதீர்கள், நமக்கு அது அடிவானத்திலிருந்து எட்டரைப் பாகை உயரத்தில்தான் இருக்கும். கண்ட்ரோலோடு ஆங்கில N எழுத்தை அழுத்தினால் திரை சிவப்பாக மாறும், கண் கூசாது. வீட்டுக்கு வந்ததும் கீபோர்டையும் காற்றுத் துவாரங்களையும் இலேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சிலிக்கா ஜெல் பைகளோடு உள்ளே வையுங்கள்.