குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் உணவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடலின் ஒரு பகுதியை அகற்றி முனைகளை இணைத்துத் தைத்த பிறகு, வாயு பிரியும்வரை நோயாளிக்கு வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்ற எண்ணம் நம் குடும்பங்களில் இன்னும் வலுவாக இருக்கிறது. ஒரு காலத்தில் மருத்துவமனைகளே அப்படித்தான் செய்தன என்பதால் வீட்டுப் பெரியவர்களைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால், 1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் முன்னெடுத்த விரைவு மீட்சி முறை அந்த வழக்கத்தை மாற்றியது. திட்டமிட்டுச் செய்யப்பட்டு, சிக்கலின்றி முடிந்த அறுவையாக இருந்தால், இன்று சிங்கப்பூரிலும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பருகவும், தாங்கினால் உண்ணவும் தொடங்கச் சொல்கிறார்கள்.

உணவு பட்டால் தையல் பிரிந்துவிடும் என்பதுதான் காத்திருப்பவர்களின் அச்சம். ஆனால், ஒரு பருக்கை சோறுகூட உண்ணாதவரின் குடலுக்குள்ளும் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என நாளொன்றுக்குச் சுமார் 7 லிட்டர் வரை சுரந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. மேலும், அறுவை முடிந்த சில மணி நேரத்திலேயே சிறுகுடல் இயங்கத் தொடங்குகிறது. இரைப்பைக்கு ஓரிரு நாளும் பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாளும் ஆகலாம். ஆகவே, வாயு பிரிவதற்காகக் காத்திருப்பது, எல்லாவற்றிலும் மெதுவாக விழிக்கும் உறுப்புக்காக உடல் முழுவதையும் பட்டினி போடுவதாகும். குடல் அடைப்பு, துளை போன்றவற்றுக்காக அவசரமாக அறுவை செய்தவர்களுக்கும், தையல் கசிவு இருக்குமோ என்று ஐயுறப்படுபவர்களுக்கும் இப்படி விரைவில் உண்ணத் தொடங்குவது அப்படியே பொருந்தாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் இட்லி சாப்பிடுகிறாரே என்று ஒப்பிடுவது தவறு.

மறுபுறம், மருத்துவர் “சாப்பிடலாம்” என்றதும் தேக்கா கடைகளிலிருந்து பிரியாணிப் பொட்டலத்தோடு வந்துவிடும் அன்பர்களும் உண்டு. முதல் நாள்களில் அரைக் கிண்ணம் கஞ்சி, சிறிது இடைவெளி, வயிறு இடம் கொடுத்தால் மீண்டும் அரைக் கிண்ணம் என நாளொன்றுக்கு ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதே நல்லது. குமட்டினால், நோயாளி வேண்டாம் என்று தலையசைத்தால், இன்னும் ஒரு வாய் என்று வற்புறுத்தாமல் நிறுத்திவிட்டுத் தாதியிடம் சொல்ல வேண்டும்.

நான் மிகப் பெரிய தவறாகக் கருதுவது வீடு திரும்பிய பிறகு நடப்பது. வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணீரும் ரசச் சாதமும் மட்டுமே கொடுத்தால் வயிறு நிறையும். காயம் ஆறத் தேவையான புரதம் கிடைக்காது. முட்டை, மென்மையாக வேகவைத்த மீன், தோல் நீக்கிய கோழி, தோஃபு ஆகியவற்றைச் சிறு அளவில் சேர்க்க வேண்டும். விரால் மீன் சூப் காயத்தை ஆற்றும் என்று இங்கே எல்லா இனத்தாரும் நம்புகிறார்கள். புரதத்துக்காக அதைக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். அதே வேளையில், மலச்சிக்கல் வரக்கூடாதென்று முருங்கைக்கீரையும் வாழைத்தண்டும் சமைத்துக் கொடுப்பது முதல் சில வாரங்களுக்கு ஏற்றதன்று. நார் மிகுந்த காய்கள், தேங்காய்த் துருவல், சோளம், கொட்டைகள் ஆகியவற்றை எப்போது சேர்க்கலாம் என்பதை உணவியல் வல்லுநரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்து பை பொருத்தியிருப்பவர்களுக்கு இவை அடைப்பையே ஏற்படுத்தக்கூடும். நீரோடு உப்பும் வெளியேறுவதால், அவர்களுக்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது. நீரிழிவு உள்ளவர்கள், உண்ணும் அளவு குறைந்திருக்கும்போது மருத்துவரைக் கேட்காமல் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டுக்கொள்ளக் கூடாது.

சூயிங்கம் மென்றால் குடல் முன்னதாக இயங்கும் என்று கேள்விப்பட்டு மலேசியாவின் ஜோகூரிலிருந்து வாங்கிவர நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: சிங்கப்பூரில் சூயிங்கத்துக்கு 1992இல் வந்த தடை இன்னும் நீங்கவில்லை, மருத்துவ வகைகளுக்கு மட்டுமே 2004 முதல் விலக்கு உண்டு. எப்படியும், வேளையோடு உண்ணத் தொடங்கியவருக்கு அதனால் கிடைக்கும் கூடுதல் பயன் சொற்பம். எழுந்து நடப்பதே மேல்.

வீட்டில் இருக்கும்போது வயிறு உப்பி இறுகினாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, காய்ச்சலுடன் வயிற்றுவலி கூடினாலோ, வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்காமல், அடுத்த சந்திப்பு நாளுக்கும் காத்திருக்காமல், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.