'ஏ' போடுவதா, 'ஆன்' போடுவதா?

ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைக்கு முன்னால் 'ஏ' (a) வருமா, 'ஆன்' (an) வருமா என்பதற்கு, ஸ்பெல்லிங் ஏ, ஈ, ஐ, ஓ, யூ-வில் தொடங்கினால் 'ஆன்' என்று மனப்பாடம் செய்ததை முதலில் மறந்துவிடுங்கள். வார்த்தை எந்த ஒலியில் தொடங்குகிறது என்பதுதான் கணக்கு: உயிரொலி என்றால் 'ஆன்', மெய்யொலி என்றால் 'ஏ'. ஏற்காட்டில் வாங்குவது 'ஆன் ஆரஞ்ச்', ஆனால் சேலம் கருப்பூர் பக்கம் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகம் 'ஏ யூனிவர்சிட்டி', ஏனென்றால் அது 'ய்' என்ற மெய்யில்தான் தொடங்குகிறது. ஒன்-வே ரோடும் அப்படித்தான், ஒலி 'வன்', அதனால் 'ஏ'.

வில்லங்கம் நம் நாக்கில்தான் இருக்கிறது. சேலத்துப் பேச்சில் எஸ்டேட் 'யெஸ்டேட்' ஆகும், ஸ்டீல் பிளான்ட் 'இஸ்டீல் பிளான்ட்' ஆகும், அதை நம்பிப் போட்டால் இரண்டுமே தப்பு. சரியானது 'ஆன் எஸ்டேட்', 'ஏ ஸ்டீல் பிளான்ட்'. தமிழில் 'ஹவர்' என்று எழுதினாலும் ஆங்கிலத்தில் அந்த ஹ ஒலிக்காது, எனவே 'ஆன் ஹவர்'. ஹோட்டலில் ஒலிக்கும், 'ஏ ஹோட்டல்' போதும்.

சுருக்கெழுத்துகளுக்கும் காதுதான்: 'ஆன் எம்.எல்.ஏ.', 'ஆன் எஸ்.ஐ.', ஆனால் 'ஏ யூ.பி.ஐ. ஐடி'.

அப்புறம், முடிவு செய்வது பெயர்ச்சொல் இல்லை, ஒட்டி வரும் அடுத்த வார்த்தை. 'ஆன் எஸ்டேட்', நடுவில் காபி வந்தால் 'ஏ காபி எஸ்டேட்', அது பழசு என்றால் 'ஆன் ஓல்டு காபி எஸ்டேட்'.

அட்வைஸ், இன்ஃபர்மேஷன் இரண்டுக்கும் ஒலியைப் பார்த்து 'ஆன்' போட்டுவிடாதீர்கள். எண்ண முடியாதவை, 'ஏ', 'ஆன்' இரண்டில் எதுவும் வராது.