பழைய விறகடுப்பை இடிக்காமல் மாற்றியமைப்பது எப்படி?

2022இல் கேஸுக்காகக் கொழும்பே வரிசையில் நின்றபோது, கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய வீட்டுக் குசினியில் பல வருடம் சும்மா கிடந்த விறகடுப்பை மூட்டினோம். அரை மணித்தியாலத்தில் வீடு முழுக்கப் புகை. அம்மாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. குறை விறகில் இல்லை. அடுப்பின் வாய் அகலம், சட்டிக்கும் நெருப்புக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. சூடெல்லாம் பக்கவாட்டில் போய்விடுகிறது.

முதலில் புகைக்கூடு. அடியில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை மேலே இழுபட்டால் சரி, முகத்துக்குத் திரும்பினால் உள்ளே அடைப்பு. எங்களுடையதில் ஒரு பறவைக் கூடே இருந்தது. நீளக் கம்பில் சாக்கைக் கட்டி, படிந்த கரியைத் தேய்த்து இறக்குங்கள். மழை இறங்காமல் உச்சியில் தகர மூடி போடலாம். நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

அடுத்து, பழைய அடுப்பு மேடையில் புகைக்கூட்டுக்கு நேர்கீழே ஓர் அனகி அடுப்பை வையுங்கள். இரண்டு சட்டி வைக்கிற களிமண் அடுப்பு இது. ஒரே வாயில் விறகு வைத்தால் முதல் குழியில் சோறு கொதிக்கும், மிஞ்சிய சூடு உள்வழியாகப் போய் இரண்டாவதில் பருப்பை அவிக்கும். சுற்றிவர களிமண், மணல், நறுக்கிய வைக்கோல் குழைத்து நான்கு விரல் தடிப்பில் அணையுங்கள். சூட்டை வெளியே விடாமல் பிடிப்பது இந்த மண்தான். சீமெந்து வேண்டாம், சூட்டில் வெடித்து உதிரும். சட்டி அமரும் குமிழ்களை மட்டும் மண்ணால் மூடிவிடாதீர்கள். அவை சட்டியைத் தூக்கிப் பிடிப்பதால் உண்டாகும் சிறிய இடைவெளியால்தான் புகை வெளியேறுகிறது. ஒரு வாரமாவது தானாகக் காயட்டும். அவசரப்பட்டு நெருப்பு வைத்தால் பிளந்துவிடும். முதல் நாள் சுள்ளி மட்டும் எரியுங்கள்.

இறைச்சி வாட்ட, மெதுவான சூட்டுக்குச் சிரட்டைக்கரி நல்லது. கொழும்பு பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் கம்பித்தட்டு ஒன்று வாங்கி, மேடையின் மறுபக்கம் இரண்டு செங்கல்லின் மேல் வைத்தால் அடியிலிருந்து காற்று ஏறும். அதுவும் புகைக்கூட்டின் கீழேதான் இருக்க வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது, ஆளையே கொன்றுவிடும். கேஸ் சிலிண்டரைக் குசினிக்கு வெளியே எடுத்து வையுங்கள்.

விசேஷ நாளின் பெரிய கிடாரத்தை அனகி தாங்காது. அதற்கு முற்றத்தில் மூன்று கல்லே போதும்.

அப்புறம் விறகு: இரண்டு விரல் தடிப்புக்குப் பிளந்து, நன்றாகக் காய்ந்ததை மட்டும் வையுங்கள். ஈர விறகு வைத்தால் எந்த அடுப்பும் புகையும்.