பிரஷர் வீட்டிலேயே பார்ப்பது எப்படி? ஏழு நாள் கணக்கு

"தலை சுத்தல, மயக்கம் வரல, எனக்கு எப்படி பிரஷர் இருக்கும்?" பினாங்கில் இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மலேசியாவில் பெரியவர்களில் பத்துக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு இருப்பதாக 2023 தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. அளந்தால்தான் தெரியும், அதையும் ஒழுங்காக அளக்க வேண்டும்.

1. கருவி

மேல்கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் கருவியாக வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவதை அவ்வளவாக நம்ப முடியாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் எண் கூட்டிக் காட்டும். பார்மசியிலேயே சுற்றிப் பார்த்து வாங்குங்கள்.

2. உட்காரும் விதம்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான். அளப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து கோப்பி, தே தாரிக், சிகரெட், வேகநடை எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிய, ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கால்மேல் கால் போட்டாலே எண் ஏறும். பட்டையை வெறுங்கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே சுற்றி, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வையுங்கள். அளக்கும்போது பேச்சு கூடாது. பக்கத்தில் இருப்பவரும் கதை கேட்காமல் இருந்தால் நல்லது!

3. எப்போது, எத்தனை முறை

காலையில் மருந்துக்கும் பசியாறலுக்கும் முன்பு, இரவில் சாப்பாட்டுக்கு முன்பு. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. ஏழு நாளும் எழுதி வைத்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி எடுங்கள். மேல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம்; கீழ் எண் அது விரியும்போது உள்ளது. வீட்டுச் சராசரியில் மேல் எண் 135ஐயோ கீழ் எண் 85ஐயோ தொட்டால், நோட்டோடு அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். ஒரே ஒரு நாள் ஏறியதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஒரு நாள் இறங்கியதைப் பார்த்து மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

4. உப்பு

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிகூட முழுதாக வராது. "நான் உப்பே போடுறதில்ல" என்பவர்கள் கிச்சாப்பை (சோயா சாஸ்) மறந்துவிடுகிறார்கள். உப்புக் கிச்சாப் ஒரு மேசைக்கரண்டியிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மேகி மீ பொட்டலத் தூள் எல்லாம் இதே கணக்குதான். நாசி கண்டார் கடையை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் சொல்லமாட்டேன். சோறு மூழ்கக் குழம்பு ஊற்றாமல் ஓரமாகக் கொஞ்சம் கேளுங்கள். மீ சூப் என்றால் மீயைச் சாப்பிட்டுவிட்டு சூப்பை வைத்துவிடுங்கள்.

5. மற்றவை

வாரத்துக்கு 150 நிமிட நடை; தண்ணீர்மலைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தாவரவியல் பூங்கா இருக்கவே இருக்கிறது. சிகரெட்டை விடுங்கள், மதுவைக் குறையுங்கள், எடை கூடியிருந்தால் இறக்குங்கள். மூட்டுவலிக்கு நீங்களாக வாங்கிப் போடும் சில வலி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

எண் 180/120க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்னொரு தடவை அளந்துகொண்டிருக்க வேண்டாம். உடனே 999 அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.